சத்தம் போடக் கூடாத நாற்பது நாள்

எனக்குக் கோபம் வந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஆட்டு டாக்டர், "நாப்பது நாளைக்குக் குரலை உசத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் என் செம்மறிகளால் வந்தது. கொழுந்தனின் கோழிக் கொட்டகையில் ஒவ்வொரு முறை கோழிகளை ஏற்றி அனுப்பியதும் தரையில் உமியும் எச்சமுமாக மலை மாதிரி மிஞ்சும். அதைக் குவித்துப் பாலித்தீன் தாளால் மூடி, சூடேறி நாற்றம் அடங்கும்வரை விட்டு, மக்காச்சோள மாவு கலந்து ஆடுகளுக்குப் போட்டேன். அவனுக்குக் குப்பை ஒழிந்தது, எனக்குத் தீவனச் செலவு குறைந்தது. முப்பத்திரண்டும் கொழுகொழுவென்று வளர்ந்தன. விற்ற கையோடு டவுனில் வாடகைக்கு வீடு பிடித்து, இந்தக் கூட்டுக்குடித்தனத்துக்கு ஒரு கும்பிடு போடுவதென்று நானும் வீட்டுக்காரரும் முடிவுசெய்திருந்தோம்.

லாரி வர மூன்று நாள் இருக்கும்போது இரண்டு ஆடுகள் காப்பி நிறத்தில் சிறுநீர் விட்டுச் செத்தன. மற்றவற்றின் கண்ணிலும் மஞ்சள். கோழிக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் துருவியபோதுதான் கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"வயித்துக்கு நல்லதுன்னு தண்ணியில மயில்துத்தம் கலந்தேன் சார்."

"அதுல இருக்கிறது செம்பு. கோழி தாங்கும், செம்மறி தாங்காது. எல்லாம் ஈரல்ல சேர்ந்து கிடக்கு. மிரண்டாலோ, வண்டியில ஏத்தினாலோ ஒரேயடியா ரத்தத்துல இறங்கிடும். மருந்து தர்றேன். அசைக்காம வச்சிருங்க."

லாரிக்காரரிடம் வரவேண்டாமென்று சொல்லியாயிற்று. பட்டிக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டேன். தும்மல் வந்தால் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். கொழுந்தன் படுபாவியைக் கத்தித் திட்டித் தீர்க்கக்கூட வழியில்லாமல் எனக்கு நெஞ்சு வெந்தது.

பதினொன்றாம் நாள், நான் பட்டிக்குள் தீவனத்தில் மருந்து கலந்துகொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து நின்றான்.

"பேசவே மாட்டேங்கிறீங்களே அண்ணி. நாலு வார்த்தை திட்டிடுங்க."

திட்டினேன். கை வேலையை நிறுத்தாமல், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த அத்தனையையும் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதைப் போட்டிருப்பேனா? இந்த வீட்டை விட்டுப் போகணும்னுதான் இதுங்களை வளர்த்தேன். என்னை இங்கயே கட்டிப் போட்டுட்டியே."

நான் கத்தினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறவன், இதற்கு உடைந்துபோனான். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து குலுங்கினான். தொண்டையிலிருந்து பெரிதாக ஒரு கேவல் வெடித்தது. முப்பது தலைகளும் நிமிர்ந்தன. ஓரத்தில் நின்ற ஆடு துள்ளப் பார்த்தது.

நான் பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதப்பா. உன் மேல தப்பே இல்ல. நாங்க எங்கயும் போகல, இங்கதான் இருப்போம்."

ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்து தின்னத் தொடங்கின. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நிஜமாவா அண்ணி?"

ஆடுகளைப் பார்த்துக்கொண்டே, "நிஜமாத்தான்" என்றேன்.