வேலை செய்யாத சுவிட்ச்

தட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சாப்பிட்டுப் பத்து மாதம் ஆகிறது. இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? புது அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒன்பதாம் மாடி. சமையலறை, சாப்பாட்டு இடம், ஹால் எல்லாம் நடுவில் சுவரே இல்லாமல் ஒன்றாக விரிந்து கிடக்கும் வீடு. வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பிளந்த வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏனென்றால் சாப்பாட்டு மேஜைக்கு மேலே விளக்கு இல்லை. விளக்கு மாட்ட ஒயரும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வழுவழுவென்று வெறும் கான்கிரீட்.

இதை முதலில் சொன்னவன் சின்னவன்தான். அவள் கணவருக்கு ஒரே தம்பி, இருபது வருடமாக எலக்ட்ரீஷியன். குடிவந்த அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருக்க, மேலே பார்த்துவிட்டு, "சீலிங்ல ஒரு ஒயர் கூட இல்லையே அண்ணே. யாரு இத உங்க தலையில கட்டுனது? வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றான். கேட்டது நியாயம். கேட்ட இடம்தான் தப்பு. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "குறை கண்டுபிடிக்கத்தான் வந்தியா?" என்று அவர் ஆரம்பிக்க, அவன் பதிலுக்குப் பதில் பேச, கடைசியில் சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வீம்பு. ஒயர் இல்லாதது ஒரு குறையே இல்லை என்று நிரூபித்தாக வேண்டும், அதுவும் எந்த எலக்ட்ரீஷியனும் வாசற்படி மிதிக்காமல்.

முதலில் பேட்டரியில் எரியும் வட்ட விளக்குகள் ஆறு வாங்கி வந்து சீலிங்கில் ஒட்டினார். மூன்றாம் நாள் ஒன்று பொத்தென்று தண்ணீர் ஜக்கில் விழுந்தது. விழுந்தது அணையவாவது செய்ததா? ஜக்கின் அடியில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. "பாத்தியா, எவ்வளவு நல்ல விளக்கு" என்றார் அவர். அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்து, தரையில் நின்று மேஜைக்கு மேலே வளைந்து குனியும் ஸ்டாண்ட் விளக்கு. விளக்கு என்னவோ அழகுதான். ஆனால் சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துத்தான் அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். நடக்கிற வழியில் குறுக்கே ஒயர். சூடான பாத்திரத்தோடு அவள் இரண்டு முறை தடுக்கினாள். இரண்டாம் முறை கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் ஒயரைச் சுருட்டி ஓரம் வைத்துவிடுவாள், மேஜை மறுபடி இருட்டு.

"பக்கத்துலயே தூண்ல ஒரு பிளக் பாயிண்ட் இருக்கே, அதுல சொருகக் கூடாதா?"

"அது செத்துப்போச்சு. உயிரில்ல."

"சரி பண்ண ஆள் கூப்பிடுங்க."

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தான இருக்கு."

வாசல் கதவோரம் மூன்று சுவிட்சுகள் இருந்தன. முதலாவது ஹாலுக்கு, இரண்டாவது சமையலறைக்கு. மூன்றாவதைப் போட்டாலும் ஒன்றும் எரியாது, அணைத்தாலும் ஒன்றும் அணையாது. அவர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எதைப் பார்த்தாலும் சீட்டு ஒட்டாமல் கை நிற்காது. அந்தச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, 'வேலை செய்யாது' என்று பேனாவால் எழுதி வைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம், அவர் வேலையிலிருந்து வருவதற்குள் அவள் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எரிச்சலில் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி எறிந்துவிட்டு, விளக்கின் பிளக் தரையில் கிடக்க வேண்டாமே என்று தூணில் இருந்த செத்த பாயிண்டில் சொருகினாள். அப்புறம் வாசல் பக்கம் துடைக்கும்போது, பழைய டேப் ஈரத்துணியோடு உரிந்து வந்தது. கை பட்டு மூன்றாவது சுவிட்ச் ஆன் ஆனது.

மேஜைக்கு மேலே விளக்கு எரிந்தது.

அவள் அணைத்தாள். விளக்கு அணைந்தது. போட்டாள். எரிந்தது. வீட்டைக் கட்டியவன் சீலிங்கில் ஒயர் இழுக்காமல், அதற்குப் பதிலாக இந்தச் சுவிட்சையும் அந்த பிளக் பாயிண்டையும் சேர்த்து வைத்திருக்கிறான். செத்துப்போனதென்று ஓரங்கட்டிய இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம். பத்து மாதம்! அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

அவருக்குப் போன் பண்ண ஓடியவள் பாதி வழியில் நின்றாள். விளக்கு எரிந்துவிட்டால் ஜெயித்தது அவர். அப்புறம் இந்த ஜென்மத்தில் தம்பியைக் கூப்பிடுவாரா? தினமும் படுக்கப் போகும் முன் அவர் போனில் சின்னவனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். நெற்றியை, நரைத்த காதோரத்தை, எல்லாவற்றையும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பழையபடி விரித்தாள். சுவிட்சின் மேல் புது டேப் ஒட்டி, 'வேலை செய்யாது' என்று அவளே எழுதினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வாய் ஓயவில்லை. தட்டு வைத்தால் விளக்கு, தட்டு எடுத்தால் விளக்கு. ஞாயிற்றுக்கிழமை முடிவாகச் சொன்னாள்: "நாளைக்கு நானே வெளி ஆள் ஒருத்தரக் கூப்பிடப் போறேன்."

"வெளி ஆளா? அவன் கண்டபடி குடைஞ்சு வச்சிட்டுப் போவான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, யாரையோ பற்றிக் கேட்பதுபோல், "அவன் நம்பர் இன்னும் அதேதானா?" என்றார்.

அவள் அந்த நம்பரைப் போட்டுப் போனை நீட்டினாள். மறுமுனையில் எடுத்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "நான்தான்டா." சோற்றுக் கையைத் தட்டின் ஓரத்தில் வழித்தார். "சீலிங்ல ஒரு ஒயர் கூட இல்லடா. நீ வந்து பாரு."

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் சின்னவன் பையோடு வந்தான். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சீலிங்கையே பார்த்து நின்றார்கள். அவன் டெஸ்டரால் தூணில் உள்ள பாயிண்டைத் தொட்டுப் பார்த்தான். நேராக வாசலுக்குப் போனான். எலக்ட்ரீஷியன் அல்லவா, அவனுக்கா தெரியாது? டேப்பை நகத்தால் லேசாக நெருடினான். புத்தம் புது டேப். திரும்பி அண்ணியைப் பார்த்தான். கையில் கரண்டியோடு நின்ற அவள், கணவரின் முதுகுக்குப் பின்னால் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சின்னவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். "இது இழுக்கும் அண்ணே. ஒரு நாள் வேலை இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை வந்துதான் பாக்கணும்."

இப்போது வெடிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"யாரு உன்னை அவசரப்படுத்துனா? மெதுவா பண்ணு" என்றார் அவர். "இப்ப கைய கழுவிட்டு உக்காரு. அன்னைக்கும் சாப்பிடாமப் போயிட்ட."

அரை இருட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். உப்பு என்று நினைத்துச் சின்னவன் சர்க்கரையைப் போட்டுக்கொண்டான். "இருபது வருஷம் லைட் மாட்டுற ஆளு" என்று அண்ணன் சிரித்தார். "லைட் இல்லாத வீட்ட வாங்குன ஆள விடவா?" என்றான் தம்பி. அவள் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணும் கலங்கியிருந்தது.

அவனை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். கதவைச் சாத்தியவர், மூன்றாவது சுவிட்சின் முன் நின்றார்.

"இது உன் எழுத்துதான?"

அவள் எச்சில் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"நான் ஸ்டோர் கீப்பர். நான் ஒட்டுன சீட்டு எது, அடுத்தவங்க ஒட்டுனது எதுன்னு எனக்குத் தெரியாதா? போன வாரம் வெள்ளிக்கிழமை நீ கடைக்குப் போனப்ப பிரிச்சு, சுவிட்சப் போட்டு, ஒவ்வொரு பாயிண்டா சொருகிப் பாத்தேன். எரிஞ்சுது. சீட்டத் திரும்ப ஒட்டி வச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை. அவர் தம்பிக்குப் போன் பண்ணியது அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை.

அவர் கட்டைவிரலால் டேப்பை அழுத்தித் தேய்த்தார். "ஓரம் பிரியுது பாரு. அடுத்த சனிக்கிழமை அவன் வர்றதுக்குள்ள வேற ஒட்டிரு."