எமிலியின் மஞ்சள் தகடு

ஆலடிச் சந்தியில் சக்கர நாற்காலியோடு தார் வீதியில் இறங்கியதும் எமிலி பசுமாடாகிவிடுவாள். அந்தப் பக்கம் ஏறியதும் மறுபடி எமிலி. போன பெரும்போக நெல் வெட்டுக்காலத்தில் தொடங்கிய விசயம் இது. அதற்கு முன்பு எமிலியாகவே கடக்கத்தான் பார்த்தாள். வீடு வாவிப் பக்கம், அவளுடைய தையல் கடை வீதிக்கு அப்பால். ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டுக் கடவையில் காத்திருந்தே காலை மத்தியானமாகிவிடும். கல்முனை பஸ்காரன் ஹோனை அமத்திப் பிடித்தபடி பறப்பான். ஓட்டோக்காரர்கள் "ஊட்டுக்குள்ள கிடக்க ஏலாதாகா?" என்று ஏசிவிட்டுப் போவார்கள். உதவ வருகிறவர்கள் அதைவிட மோசம். கேட்காமலே நாற்காலியைப் பிடித்துத் தள்ளுவார்கள், போன் அடித்தால் நடுவீதியில் விட்டுவிட்டுப் பேசப் போய்விடுவார்கள். யார் கையையும் பாராமல் தன் கடையைத் தானே திறக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். இதே ஆட்கள் வீதியில் படுத்து அசைபோடும் மாடுகளுக்கு மட்டும் பிரேக் போட்டு, பக்குவமாகச் சுற்றிப் போவார்கள். அவ்வளவு நல்ல மனது எங்கள் ஊருக்கு. பார்த்துப் பார்த்து வயிறெரிந்த எமிலி ஒருநாள் மாடுகளுக்கு நடுவே நாற்காலியை உருட்டினாள். பஸ் நின்றது, பின்னால் வந்த லொறியும் நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து அவள் நெற்றியைத் தடவி, "மெல்லப் போ தாயே" என்றான்.

மாதக்கணக்காக அப்படியே கடந்தாள். யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. சிலர் வாழைப்பழத் தோலை வாயில் திணித்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு வீதியில் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பிடிக்கிற பிரதேச சபை ஆட்கள் வந்தார்கள். நடுவீதியில் வைத்து அவள் கழுத்தில் கயிறு விழுந்தது. மாடுகளை அடைத்துவைக்கும் பட்டியில் மண் தரை, அதனால் அங்கே அவள் எமிலியாகத்தான் இருந்தாள். அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மாட்டின் சொந்தக்காரர் வந்து கேட்டால்தான் விடுவோம் என்றார்கள். பின்னேரம் தம்பி அன்ரோ ஓடிவந்தான்.

"நான் கூட்டிப்போறன் அக்கா. இனிக் கடை கிடை ஒண்டும் வேணாம், ஊட்ட இருங்க."

அவனோடு போனால் பிறகு வாசலைத் தாண்ட முடியாது என்பது எமிலிக்கு விளங்கியது. பட்டிக்குப் பொறுப்பானவரிடம் திரும்பினாள். "இவன் என்ட தம்பி. சொந்தக்காரன் இல்ல."

"அப்ப ஆர்ர மாடு?"

"எனக்குச் சொந்தக்காரி நான்தான்."

பொறுப்பாளர் யோசித்தார். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் காதில் மஞ்சள் இலக்கத் தகடு குத்தாமல் விட ஏலாது என்றார். எமிலி தோட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு இடது காதை நீட்டினாள். சட்டைத் தோள் முழுக்க இரத்தம். அவள் அழவில்லை, அன்ரோதான் அழுதான். அந்தக் காதை நினைத்தால் இந்த ஊரின் மேல் எனக்கு இன்றும் காறித் துப்ப வருகிறது.

மறுநாள் கடை நேரத்துக்குத் திறந்தது. அடுத்த கிழமை, கரடியனாற்றில் இருந்து கண் தெரியாத டொமினிக் என்பவர் பஸ் பிடித்துவந்து பட்டி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஊன்றுகோல்களோடு இன்னும் சிலர். பொறுப்பாளர் எதையும் விசாரிக்கவில்லை.

"எந்தக் காது?" என்றார்.