கருகிய பட்டு வாசனை

தோப்பை வெட்ட மறுநாள் காலை ஆள் வருவதாக இருந்தது. அங்கே வேரோரத்தில் நான் கண்டெடுத்த காளான் அரிய இனம்தான் என்று மாலை ஐந்துக்குள் அறிக்கை கொடுத்தால் வெட்டு நிற்கும். அதே சாயலில் இன்னொன்று உண்டு, எங்கே பார்த்தாலும் காலில் மிதிபடுகிற சாதாரண வகை. உருப்பெருக்கியில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. வாசனைதான் வேறு. சாதாரணமானதில் மாவு வாசனை வரும். அரியதில் தலைமுடி கருகின வாசனை.

எனக்கோ அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். இருபது வருடமாகக் காளான் முகர்ந்து சம்பளம் வாங்கிய மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. அதிகாரியிடம் நீட்டினேன். அவரை விட்டால் ஆபீசில் வேறு ஆளில்லை. ஆழமாக முகர்ந்துவிட்டு, "காளான் வாசனை வருதும்மா" என்றார்.

வேறு வழியில்லாமல் இரண்டு வகையையும் தனித்தனி டப்பாவில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் பால் தீய்வதைத் தூக்கத்திலேயே கண்டுபிடிக்கிறவள். மூன்று வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுடைய கல்யாணப் பட்டுப் புடவையை நான் இஸ்திரி போட்டுக் கருக்கிவிட்டேன் என்பது அவள் கட்சி. அது முன்னாலேயே அப்படித்தான் இருந்தது என்பது என் கட்சி.

தோப்புக் காளான் இருந்த டப்பாவை நீட்டினேன். ஒரே தடவைதான் முகர்ந்தாள்.

"என் புடவைய நீ கருக்கினப்ப வந்த வாசனை."

குத்திக்காட்டுகிறாளா, நிஜத்தைச் சொல்கிறாளா? கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சாதாரண வகையை மூக்கருகே வைத்தேன். "இது மாவு" என்றாள். மாற்றி மாற்றி ஆறு தடவை வைத்தேன். ஆறும் சரி. பட்டு கருகினாலும் முடி கருகினாலும் ஒரே நாற்றம்தான். எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி என் கையில்தானே இருந்தது.

படிவத்தை விரித்தேன். முகர்ந்தவர் வெளியாளாக இருந்தால், அந்த வாசனை அவருக்கு எப்படிப் பழக்கம் என்று எழுத அதில் ஒரு கட்டம் உண்டு.

"சமையல்ல பழக்கம்னு போட்டுடட்டுமாக்கா?"

"நடந்தத எழுது. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மணி நாலரை. வெட்கம் பிடுங்கித் தின்றது. 'இந்த அறிக்கையை எழுதும் நான், மேற்படியாரின் கல்யாணப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டுக் கருக்கியபோது' என்று எழுதினேன். அக்கா ஓர் எழுத்து விடாமல் படித்தாள். 'கவனக்குறைவாக' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள்.

தோப்பு பிழைத்தது. அதைச் சொல்ல மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன்.

"சந்தோஷம்டி" என்றாள் அக்கா. "எனக்கு அதுல ஒரு நகல் வேணும். ஆபீஸ் முத்திரையோட."