ட்ராக் பாடியவள்

கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்திக் கிடந்த ஈரக் கரியை மண்வெட்டியால் வாரி மேலே எறிந்துகொண்டிருந்தான் கொளஞ்சிநாதன். மழை பெய்தால் கரி களியாகிவிடும். வாரியதில் பாதி மண்வெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். மைன்ஸில் பதினெட்டு வருடமாக அவன் கான்ட்ராக்ட்டில் செய்யும் வேலை இது. பத்து மணிக்கு பெல்ட் நின்றது. அவனும் கூட வேலை செய்யும் மூவரும் தகரக் கொட்டகைக்குள் வந்து கையுறையைக் கழற்றினார்கள்.

அவர்களில் ஒருவனான பாவாடை, சோற்றுப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த போனை எடுத்து டிபன் மூடிமேல் சாய்த்து வைத்தான். அவன் மனைவி வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவள். அவள் ஏற்றிவைத்த பாட்டுகள்தான் அதில் இருக்கும். ஒரு அடி தமிழிலும் மறு அடி இங்கிலீஷிலுமாகப் பாட்டு தொடங்கியது. கொளஞ்சிநாதன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தான்.

"இன்னாய்யா, கல்லக் கடிச்சிட்டியா?"

"யாரு பாடறது?"

"பேரு போட்டிருக்குதே. சிஸ்டர் ஹெப்சிபா. மேல்பட்டாம்பாக்கத்துகிட்ட பெரிய சபை இருக்குதுல்ல, அந்த பாஸ்டரோட மருமவ. எட்டு லட்சம் பேரு பாத்திருக்காங்க."

"இது சரிதா கொரலு."

பாவாடை மற்ற இருவரையும் பார்த்தான். கொளஞ்சிநாதனின் மனைவி சரிதா மஞ்சள் காமாலையில் செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது.

"நெனச்சிகினே இருந்தா மிக்ஸி ஓடறதுகூட அவங்க கொரலாட்டம்தான் கேக்கும். சோத்தத் துன்னு."

இரண்டாவது சரணத்தில், குரலுக்குப் பின்னால் எங்கோ தூரத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. கொளஞ்சிநாதன் எழுந்து நின்றுவிட்டான். அது மைன்ஸின் இரண்டு மணி ஷிப்டுச் சங்கு.

சரிதாவின் அப்பா டவுன்ஷிப்பில் ஒரு கான்வென்ட்டுக்குச் சமையல்காரர். அந்தத் தயவில் அவளுக்கு அங்கே படிப்பு கிடைத்தது, கொயரில் பாட இடம் கிடைத்தது. தமிழைப் போலவே இங்கிலீஷும் வாயில் உருண்டது. கடைசி இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி மேல்பட்டாம்பாக்கம் போய்வந்தாள். கேட்டால் ரெக்கார்டிங் என்பாள். பாட்டு எங்கே என்றால், வரும் என்பாள். ஒன்றும் வரவில்லை. "பாட்டே வராத ரெக்கார்டிங்கு இன்னாடா ரெக்கார்டிங்கு?" என்று அவன் அக்கா கனகம் கேட்டாள். பிறகு அவனும் அதையே இன்னும் மோசமான வார்த்தைகளில் கேட்க ஆரம்பித்தான்.

ஒரு நாள், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கியவன் பாட்டுச் சத்தத்தில் விழித்தான். உள்ளறையில் சரிதா போர்வையைத் தலைக்குமேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு, போனை வாயருகே பிடித்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், பாட்டை நிறுத்தாமலே பேசாதே என்று விரலைக் காட்டினாள். சங்கு ஊதியது. அவன் போனைப் பிடுங்கினான். திரையில் 'சவுண்டு வெங்கடேஷ்' என்றிருந்தது.

"எவனுக்குடி பாடிக் காட்டுற?"

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போர்வையை மடித்தாள். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை அவன். அதற்கடுத்த மாதம் அவள் கண் மஞ்சளாயிற்று.

கொட்டகையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சங்கு ஓய்வதற்குள் வாத்தியங்கள் எழுந்துவிட்டன. அவன் கத்தியது அதில் இல்லை.

"திரும்பப் போடு," என்றான் பாவாடையிடம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக அந்தச் சபைக்குள் போனான். ஆயிரம் பேர் இருப்பார்கள். மேடையில் வெள்ளைப் புடவை கட்டிய ஹெப்சிபா மைக்கைப் பிடித்து வாயசைத்தாள். சங்குச் சத்தம் வந்த இடத்தில் கண்ணை மூடினாள். எல்லாக் கைகளும் மேலே போயின. "எக்காளம்! கர்த்தரோட எக்காளம்!" என்று பக்கத்தில் நின்ற பெண் அழுதாள். கையைத் தூக்காமல் நின்றவனை ஒரு சபைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தபின், பின்கட்டில் இருந்த பாட்டு ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டினான். மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவன் திறந்தான். இத்தனை நாளாக மனதில் வேறு ஒரு வெங்கடேஷை வைத்திருந்ததால், கொளஞ்சிநாதன் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் சரிதா வூட்டுக்காரன்."

வெங்கடேஷ் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அண்ணா, அக்கா இங்க ட்ராக்தான் பாடினாங்க. மெயின் சிங்கர் கேட்டுக் கத்துக்கறதுக்காக முன்னாடியே ஒருத்தர் பாடி வைக்கறது. அவங்க பாடினதும் இத அழிச்சிடுவோம்."

"அழிச்ச பாட்டுல ரெண்டு மணி சங்கு எப்பிடி வந்துச்சு?"

"எந்தச் சங்கு?"

"எல்லாரும் கையத் தூக்குறாங்களே, அது."

வெங்கடேஷ் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஒரு சரணம் மாத்தணும்னாங்க. அக்கா வூட்லேர்ந்து பாடி அனுப்பினாங்க. அந்தச் சத்தத்த நான் எடுக்கத்தான் பாத்தேன். பாஸ்டரய்யா கேட்டுட்டு, தேவனே குடுத்தது, இருக்கட்டும்னுட்டாரு."

"அப்ப அந்த அம்மா பாடல."

"அண்ணா, என் வேல போயிடும்."

"பேரு போடுன்னு கேக்க வரல தம்பி. அவ இங்க வந்து பாடினா. அத எங்க அக்கா கனகம் எதிர்ல வந்து ஒருவாட்டி சொல்லு. போதும்."

"முடியாதுண்ணா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், புருசன்கிட்டகூடச் சொல்லமாட்டேன்னு அக்காவே பைபிள் மேல கைவச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க காப்பாத்தினத நான் எப்பிடி..."

அதற்குமேல் அவன் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வெளி கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் ராமசாமி கைநீட்டித் தடுத்தார்.

"கூட்டம் முடிஞ்சி ஒரு மணி நேரம் ஆச்சு. உள்ள இன்னா பண்ணிகினு இருந்த? நோட்டுல எழுதிட்டுப் போ."

தடித்த நோட்டு. தேதி, பெயர், வந்த நேரம், போன நேரம், எதற்காக. கொளஞ்சிநாதன் எழுதாமல் பின்பக்கங்களைப் புரட்டினான். போன வருடத்துப் பக்கங்களில், வலப்புறம் சாயும் எழுத்தில் சரிதாவின் பெயர் இருந்தது. செவ்வாய், வியாழன். செவ்வாய், வியாழன். நேரமாகிவிட்டதென்று ஒருமுறை அவன் அவளைப் பஸ்ஸ்டாண்டு வரை தேடிப்போய்த் திட்டி அழைத்துவந்த நாளும் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு இங்கிருந்து கிளம்பியிருக்கிறாள். எல்லா வரியிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தைதான்: பெருக்க.

"அதுவா? பெருக்குற பொம்பள," என்றார் ராமசாமி. "இங்கிலீசுல கையெழுத்துப் போடும். பாஸ்டரய்யா வூட்லேர்ந்து சொல்லிட்டாங்க, வந்தா வெளக்கமாத்தக் கையில குடுத்துத்தான் உள்ள அனுப்பணும்னு. நானும் குடுப்பேன். எனக்கு மட்டும் அந்தப் பொம்பள மேல ஒரு சந்தேகம்."

"இன்னா சந்தேகம்?"

ராமசாமி கேட் ரூம் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு தென்னம் விளக்குமாறு சாத்தியிருந்தது.

"ரெண்டு வருசம் அதே வெளக்கமாறுதான். நுனிகூட தேயல பாரு."