முக்கால் லிட்டர்

தொண்ணூற்றேழு புள்ளி நாலு. பதினேழு நாளாக இதே எண்தான். அவள் எடை மேடையிலிருந்து இறங்கி, தலையில் இருந்த கிளிப்பையும் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தையும் எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். தொண்ணூற்றேழு புள்ளி மூன்று. சாவிக்கொத்து நூறு கிராம் என்று தெரிந்ததுதான் மிச்சம்.

அது மனிதர்களுக்கான மேடை இல்லை. ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிற சலவைக்கூடத்தில், அழுக்குப் படுக்கை விரிப்புகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் எடை பார்க்க வைத்திருப்பது. வேலையாட்கள் வந்து சேர்வதற்குள் அவள் தினமும் அதில் ஏறி இறங்கிவிடுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் குண்டக்கா. பிறர் வைத்த பெயர் என்று நினைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் யாராவது வைப்பதற்குள் தானே வைத்துக்கொண்டால் அவ்வளவாக வலிக்காது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளே சொல்லிக்கொண்ட பெயர்.

குண்டாக இருப்பது பற்றி அவளுக்கு நாற்பது வருடமாகப் பெரிய கவலை ஒன்றும் இருந்ததில்லை. கவலை வந்தது தம்பிக்குக் கிட்னி இரண்டும் செயலிழந்த பிறகுதான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்குப் பொருந்துகிற கிட்னி இவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. "பொருந்துது. ஆனா இந்த எடையில உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாதும்மா. உங்க உயிருக்கே ஆபத்து. தொண்ணூறுக்குக் கீழ வாங்க," என்றார் டாக்டர். அப்போது அவள் நூற்று இருபத்தாறு.

அதற்காகத்தான் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கிற அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டாள். எட்டாவது மாதம் பெரிய பரிசோதனை. அன்றைக்குத் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் கிட்னி மாற்றத்துக்குத் தேதி குறிப்பார்கள். இல்லையென்றால் தம்பி பொது வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை ஆறேழு வருடம் நீளும். தம்பியின் கையிலோ டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு நல்ல ரத்தக்குழாய் தீர்ந்துகொண்டே வந்தது. இரண்டு தடவை அடைத்துப்போய் வேறு இடத்தில் போட்டிருந்தார்கள். அவனிடம் ஆறு வருடம் இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆபரேஷன் ஆகி வந்த பிறகு பசி என்கிற ஒன்றே இல்லை. பேக்கரி வாசலில் மணிக்கணக்காக நின்றவளுக்கு ரொட்டியைப் பார்த்தால் செங்கல்லைப் பார்ப்பதுபோல் இருந்தது. சாப்பிட மறந்துபோகும் என்று போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். அரை முட்டையோடு வயிறு போதும் என்றுவிடும். முதல் மாதம் பதினோரு கிலோ, அடுத்த மாதம் ஏழு. எல்லோரும் ஊசி என்று கூப்பிடுகிற, கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற ஒல்லிப் பெண், குண்டக்காவின் சீருடையை நாலு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். "அக்கா, இப்படியே போனா உங்க பேரை நான் வாங்கிக்க வேண்டியதுதான்," என்றாள்.

பிறகு ஐந்து, அப்புறம் நாலு. அதன் பிறகு வண்டி நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் சத்துணவு பார்க்கிற அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. "நின்னு நின்னுதான் இறங்கும். உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்கும், அப்புறம் இறங்கும். நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க, நடங்க, தண்ணி குடிங்க," என்றார். சொல்வது சுலபம். அவருடைய தம்பியா படுத்திருக்கிறான்?

அந்தப் பதினேழாவது நாள் இன்னொன்றும் நடந்தது. மேலே சமையலறையிலிருந்து ரொட்டி வாசனை இறங்கி வந்தபோது அவள் வயிறு சத்தமாக இரைந்தது. துவைத்ததை இஸ்திரி போடுகிற நீராவி ரோலரில் விரிப்பை விட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பசி. ஐந்து மாதமாக ஆளையே காணோம் என்றிருந்த சனியன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டிய வயிறு விரிந்துவிட்டதோ, தையல் விட்டுப்போனதோ, எல்லாம் பழையபடி ஆகிவிடப் போகிறதோ என்று அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. முக்கால் பங்கு போனால் என்ன, மிச்சம் இருக்கிற கால் பங்கிலும் புளி நன்றாகவே கரைகிறது.

அன்று மத்தியானம் பயத்தில் மறுபடி மேடையில் ஏறினாள். தொண்ணூற்றாறு புள்ளி ஆறு!

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து நீராவி ரோலரின் முன்னால் நின்றிருக்கிறாள். இன்னொரு ரோலர் பழுதானதால் ஓயாத வேலை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க நேரமில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. எண்ணூறு கிராம் போயிருந்தது. அட, இவ்வளவுதானா விஷயம் என்று நினைத்தாள் பாவி.

அடுத்த நாளிலிருந்து தண்ணீரை நிறுத்தினாள். முழுக்க இல்லை. மாத்திரை விழுங்க ஒரு வாய், நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய். சாப்பாட்டையும் பாதியாக்கினாள். வேறு யாராவது விடுப்பு எடுத்தால் அவர்களுடைய ரோலர் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நல்ல மனசு என்று மேற்பார்வையாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளில் எண் தொண்ணூற்றைந்து புள்ளி எட்டுக்கு வந்தது. தலை சுற்றியது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. அதையெல்லாம் அவள் பார்த்தாள்தான், ஆனால் மேடை காட்டிய எண்ணை மட்டுமே நம்பினாள்.

பத்தாவது நாள் மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேலை நடுவில் போன் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"உங்க ரத்தத்துல கிட்னி கழிக்க வேண்டிய உப்பு அளவு ஏறியிருக்கே. போன மாசம் நல்லா இருந்துச்சு. தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேனே," என்றாள். வாய் தானாகவே பொய் சொல்லிவிட்டது.

"மூணு நாள் தினமும் ரெண்டு லிட்டருக்குக் குறையாம குடிங்க. நாலாவது நாள் மறுபடி ரத்தம் எடுப்போம். குறைஞ்சா சரி. குறையலேன்னா டாக்டர் பேசுவார். வாந்தி, மயக்கம்னா உடனே வந்துடுங்க."

டாக்டர் என்ன பேசுவார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ரோலரை நிறுத்தினாள். ஈரத்துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசி ஓடி வந்தாள்.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்துப்போயிருக்கு?"

சொன்னாள். மேடை, நீராவி, தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னாள். "கொடுக்கிறதுக்கு ஒண்ணு, நான் வாழறதுக்கு ஒண்ணுன்னு இருந்துச்சு. ரெண்டையும் காயப் போட்டுட்டேன்டி."

ஊசிக்குக் கோபம் வந்தால் குரல் மெஷின் சத்தத்தையும் தாண்டும். "அக்கா, இருபது வருஷமா இங்க என்ன வேலை பார்க்கிறீங்க? ஈர விரிப்பை உலர்த்துற மெஷின்ல போட்டு எடுத்தா எடை குறையுது. விரிப்பு சின்னதாவா ஆயிடுச்சு? கட்டிலை விட்டு ஒரு விரலாவது குறைஞ்சுதா? தண்ணிதானே போச்சு! இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அதுதான் அவளை அடித்துப் போட்டது. ஊசி நீட்டிய தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

வீட்டுக்குக் கிளம்பினாள். தம்பியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூன்று நாள் ஓட்டிவிடலாமா என்றும் ஒரு மனசு சொன்னது.

தம்பி பூட்டு ரிப்பேர் செய்கிறவன். சாப்பாட்டு மேஜைதான் அவன் பட்டறை. பழைய பூட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டு, சின்ன அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பாட்டில். அதில் கறுப்பு மையால் கோடுகள் போட்டிருக்கும். அவன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேற வழியில்லை என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவனுக்கு அனுமதி. காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு ஒரு கோடு, சாயங்காலத்துக்கு ஒரு கோடு. கோடை நாளில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு, கரையக் கரையக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அரம் நின்றது.

"தண்ணி குடிக்கலையா?"

"மாத்திரைக்கு மட்டும்."

"பதினோரு நாளா?"

"எண் இறங்கவே இல்லடா. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவன் சாவியை மேஜையில் வீசினான். அது துள்ளிக் கீழே விழுந்தது. "நான் கனவுல கூடத் தண்ணிதான்க்கா குடிக்கிறேன். குழாயைத் திறந்து வாயை வெச்சுக் குடிக்கிற மாதிரி கனவு வருது எனக்கு. நீ குழாய் பக்கத்துல நின்னுக்கிட்டு குடிக்காம இருந்திருக்கே! உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அந்தக் கிட்னியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? யாரு இருக்கா எனக்கு?"

அவனுக்குக் கோபம் வந்தால் மூச்சு வாங்கும். அவள் பயந்துபோய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் கையை உதறவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே அழுதார்கள்.

அப்புறம் அவன் எழுந்து தன் பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தான். பாட்டிலை முக்கால் லிட்டர் கோடு வரைக்கும் நிரப்பி அவள் முன்னால் வைத்தான். "மூணு பாட்டில். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. உட்காரு."

வெட்டிய வயிற்றுக்கு மடமடவென்று குடிக்க வராது. ஒரு வாய், அப்புறம் சற்று இடைவெளி, அப்புறம் இன்னொரு வாய். அன்று முடிந்தவரை குடித்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து குடித்தாள். அவன் எதிரே உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். டயாலிசிஸுக்குப் போகும்போதும் அவளைக் கூடவே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அவன் கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பியது. நாலு மணி நேரத்தில் அவன் உடம்பிலிருந்து இரண்டரை கிலோ தண்ணீரை எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவள் பாட்டிலோடு இருந்தாள். அவனுக்கு உதடு வெடித்திருந்தது. அவளுக்கு ஒவ்வொரு வாயும் நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

நாலாவது நாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏறக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மேடையில் ஏறினாள். தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று. இறங்கியதில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. தொண்ணூறுக்கு இன்னும் ஏழு கிலோ, கையில் பதினொரு வாரம். கிட்னியும் கெட்டு, எடையும் ஏறி, இரண்டும் கெட்டவளாக நிற்கப் போகிறோமோ என்று அன்று முழுக்க விரிப்பை மாற்றி மாற்றிக் கோணலாக ரோலரில் விட்டாள். ஊசி பின்னாலேயே வந்து நேராக்கினாள்.

சாயங்காலம் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. அவளால் எடுக்க முடியவில்லை. தம்பிதான் எடுத்தான்.

"ம்... ம்... சரிங்க... எவ்வளவு?... சரிங்க, சொல்றேன்."

அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் தரையைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அவன் வீசிய சாவி மேஜைக் காலடியில் கிடந்தது.

"பழைய அளவுக்கு வந்துடுச்சாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பசி வர்றது நல்லதுதானாம். வயிறு ஆறினா வரத்தான் செய்யுமாம். பட்டினி கிடந்தா உடம்பு இன்னும் பிடிச்சு வெச்சுக்குமாம். ஒழுங்கா சாப்பிடச் சொன்னாங்க."

"தொண்ணூத்தேழு காட்டுதுடா," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது. "பதினொரு வாரம்தான் இருக்கு. வரலேன்னா?"

அவன் குனிந்து சாவியை எடுத்து ஊதித் துடைத்தான். சமையலறைக்குப் போய், அவித்த முட்டை ஒன்றையும் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தான்.

"வரலேன்னா அப்போ ரெண்டு பேருமா பயப்படலாம். இப்போ சாப்பிடு."

அவள் முட்டையைச் சின்னச் சின்னதாக மென்று தின்றாள். வயிறு இன்னும் கேட்டது. அந்தப் பசியைக் கண்டு பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் தின்று முடித்தாள். கொஞ்ச நேரம் விட்டுப் பாட்டிலை எடுத்தாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"சில்லுனு இருக்கு."

அவன் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு வாய் குடி அக்கா," என்றான்.