ரதோமிருக்குப் பதிலாக

மல்வினாவின் போன் வந்தபோது வாலென்டி கையில் பிஸ்கட் டின்னோடு நின்றுகொண்டிருந்தார். லிபினோவோ ஊரின் வல்லூறு மோட்டார் சைக்கிள் சங்கத்தில் பந்தய நாளன்று ஓட்டுபவர்களின் கைபேசிகள் எல்லாம் அந்த டின்னுக்குள் போய்விடும். கடைசி ஓட்டம் முடிந்த பிறகுதான் மூடி திறக்கும். அணி மேலாளர் என்ற முறையில் வாலென்டி போட்ட சட்டம் அது. அவருடைய கைபேசி மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கும். சட்டம் போட்டவருக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

“போயிட்டாரு,” என்றாள் மல்வினா. அவள் அழவில்லை. “இப்பதான் வெள்ளைத் துணியை இழுத்து மூடினாங்க. திமோனுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கவே இல்ல. நீங்க சொல்லிடுங்கண்ணே. வேற யார் வாயாலயும் அவன் இதைக் கேட்கக் கூடாது.”

“நான் சொல்றேம்மா. இப்பவே போய்ச் சொல்றேன்.”

சொல்லத்தான் போனார். அதை அவருக்காக நானும் சொல்லியாக வேண்டும். வண்டிக் கொட்டகையில் திமோன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி, டேனிஷ்காரன் அஸ்கரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணன், மல்வினாவின் கணவன் ரதோமிர்தான் அணியின் முதல் ஆள். இரண்டு வாரம் முன்பு இதே பாதையில், இரண்டாம் வளைவில் வெளிவேலியோரம் போகும்போது வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். பிரேக் இல்லாத வண்டியை வேலியோரமாக அவ்வளவு வேகத்தில் ஓட்ட ஊரிலேயே அவன் ஒருவனால்தான் முடியும். இன்று காலையிலிருந்து அவனாலும் முடியாது.

திமோனை நெருங்குவதற்குள் மேயர் அம்மாள் வந்துவிட்டார். கழுத்தில் சங்கத்தின் மஞ்சள்பச்சைத் துண்டு, கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

“என்ன வாலென்டி, ஜெயிச்சிருவோமா? செவ்வாய்க்கிழமை நகரசபையில உங்க சங்கத்துக்கான ஊர்ப்பணத்துக்கு ஓட்டெடுப்பு. மேல் பிரிவுல நின்னா நான் கை தூக்குறேன். இறங்கிட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த இடத்துல உருளைக்கிழங்குதான் போடணும்.”

“ஜெயிச்சிருவோம்மா.”

“ரதோமிர் எப்படி இருக்கான்?”

வாலென்டி டின்னைத் தோள்பைக்குள் திணித்தார். “அப்படியேதான் இருக்கான்,” என்றார்.

அந்த ஒரு சொல்லோடு கதவு சாத்திக்கொண்டது. அவர் கணக்கு போட்ட விதம் இதுதான். செய்தி தெரிந்தால் திமோன் வண்டியில் ஏற மாட்டான். மற்றவர்களும் ஏற மாட்டார்கள். போட்டி தள்ளிப்போகும், வெளிநாட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஊர்ப்பணம் போய்விட்டால் சிமெண்ட் கடைக்காரன் முதல் குளிர்பானக்காரன் வரை விளம்பரம் கொடுப்பவர்களும் கழன்றுகொள்வார்கள். இதெல்லாம் போகட்டும். இன்னொன்றும் இருந்தது. முதல் ஆள் காயம்பட்டுக் கிடந்தால், மருத்துவச் சான்று காட்டி, அவனுடைய நான்கு ஓட்டங்களையும் மற்றவர்கள் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து ஓட்டலாம். பெயர் அவனுடையதாகவே அட்டவணையில் நிற்கும். அந்த நான்கு ஓட்டங்கள் இல்லாமல் வல்லூறுகள் கரையேற முடியாது. ஆனால் அந்தச் சலுகை காயம்பட்டவனுக்குத்தான். செத்தவனுக்குப் பதிலாக ஓட்டலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

ரெண்டு மணி நேரம்தானே, முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நல்லவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இப்படி நேரம் கேட்டுத்தான்.

மாதாகோவில் பூசை முடிந்து வந்த கூட்டம் மேடைகளை நிரப்பியிருந்தது. எல்லார் மடியிலும் போட்டி அட்டை, காதில் பென்சில். ஓர் ஓட்டத்துக்கு நான்கு சுற்று, அணிக்கு இரண்டு பேர். முதலில் வருபவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு முட்டை. இதை யாராவது தங்களுக்காகக் குறித்துத் தருவார்கள் என்று லிபினோவோக்காரர்கள் நம்புவதில்லை. அவரவர் அட்டையை அவரவரே எழுதினால்தான் திருப்தி.

நான்காவது ஓட்டத்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. “சிவப்பு ஹெல்மெட்டில், ரதோமிர் வில்சாக்! அவருக்குப் பதிலாக, அஸ்கர்!”

கூட்டம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. “ர-தோ-மிர்! ர-தோ-மிர்!” என்று கத்தியது. வாலென்டிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் தானும் கை தட்டினார்.

வண்டிகளுக்கு முன்னால் கட்டியிருந்த தொடக்க நாடா மேலே எகிறியது. அஸ்கர் பாதையின் உள்விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற ஆள். வேலியோரம் போகச் சொன்னால் சம்பளத்தைக் கூட்டச் சொல்வான். அன்றைக்கு இரண்டாம் வளைவில் அவனுடைய வண்டி தானாக வெளியே விலகி, வேலியை உரசுகிற அளவுக்குப் போய், செம்மண்ணை மேடை மீது வாரி இறைத்துவிட்டு முதலில் வந்து நின்றது.

கொட்டகைக்குத் திரும்பியவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றான். அவன் பேசும் உள்ளூர் மொழியில் பாதிச் சொல்தான் இருக்கும். “நான் போகல. வண்டி போச்சு. பின்னாடி கை. யாரோ கை வச்சுத் தள்ளினான்.”

“காத்துடா,” என்றார் வாலென்டி.

“காத்துக்கு விரல் இருக்கா?”

மெக்கானிக் ஹூபர்ட் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். முப்பது வருடமாகச் சங்கத்தில் இருப்பவர். யாரையும் மதிக்க மாட்டார், வண்டியைத் தவிர. கொட்டகைக் கோடியில் ரதோமிரின் இரண்டாவது வண்டி துணி போர்த்தி நின்றது. ஹூபர்ட் துணியை விலக்கியிருந்தார்.

“காலையில நான்தான் இதைக் கழுவினேன். துடைச்சு வச்சேன். இது என்ன?”

பின்சக்கரத்தில் செம்மண் அப்பியிருந்தது. ஈரம் காயாத, பாதையிலிருந்து இப்போதுதான் வந்த மண்.

“யாராவது வண்டியைத் தள்ளிட்டுப் போகும்போது தெறிச்சிருக்கும்.”

“துணிக்கு உள்ளயா?” என்றார் ஹூபர்ட். வாளியை எடுத்து மறுபடியும் கழுவினார்.

ரதோமிருக்குப் பதிலான இரண்டாவது ஓட்டத்தையும் வல்லூறுகளே ஜெயித்தார்கள், அதே வேலியோரமாக. ஓட்டிய பையன் இறங்கி வந்து வாந்தி எடுத்தான். கழுவிய சக்கரத்தில் மறுபடி மண். மூன்றாவது ஓட்டமும் அப்படியே. இந்த முறை ஹூபர்ட் வாளியைத் தேடவில்லை. வண்டியின் எஞ்சினில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

“வாலென்டி, இங்க வா. எரிபொருள் தொட்டியைக் காலி பண்ணிட்டேன் நான். பெட்ரோலும் இல்ல, மெத்தனாலும் இல்ல, ஒரு சொட்டு இல்ல. கொதிக்குது.” அவர் வாலென்டியின் முகத்தையே பார்த்தார். “அந்தப் பையன் ஆஸ்பத்திரியில எப்படி இருக்கான்? நிஜத்தைச் சொல்லு.”

“அப்படியேதான்.”

வாலென்டியின் தோள்பையில் இருந்த பிஸ்கட் டின் உறுமியது. உள்ளே ஏதோ ஒரு கைபேசி தகரத்தோடு அதிர்ந்துகொண்டிருந்தது. எது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அது நிற்கிற மாதிரி தெரியவில்லை.

நான்காவதாகப் பதில் ஓட்ட வேண்டியவன் திமோன். வேறு ஆளைப் போட முடியுமா என்று வாலென்டி விரலை மடக்கிப் பார்த்தார். முடியாது. மற்றவர்கள் தங்கள் பங்கை ஓட்டிவிட்டார்கள்.

“சிவப்பு ஹெல்மெட்டில், ரதோமிர் வில்சாக்! அவருக்குப் பதிலாக, அவருடைய தம்பி திமோன்!”

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். நீல ஹெல்மெட்டில் உடன் ஓட்ட வேண்டிய அஸ்கரின் எஞ்சின் நாடாவிலேயே செத்துவிட்டது. எதிரணியின் வெள்ளை, மஞ்சள் ஹெல்மெட்கள் பின்னால் துரத்த, திமோன் தனியாக முன்னால் போனான். ஆனால் தனியாகப் போகிறவன் மாதிரி ஓட்டவில்லை. உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம் விட்டான். ஒவ்வொரு வளைவிலும் வலதுபக்கம் திரும்பிப் பார்த்தான். அண்ணனும் தம்பியும் ஜோடியாக ஓட்டும்போது இப்படித்தான் போவார்கள். பெரியவன் வேலியோரம், சின்னவன் உள்ளே, நடுவில் எவனும் நுழைய முடியாது. கத்திக்கொண்டிருந்த மேடைகள் மூன்றாவது சுற்றில் அடங்கிப்போயின. வெள்ளை ஹெல்மெட்காரன் வெளிப்பக்கமாக முந்தப் பார்த்தான். திறந்து கிடந்த இடம்தான். எதன் மேலோ மோதப்போகிறவன் போல அவனாகவே ஒடித்துப் பின்வாங்கினான்.

திமோன் கொட்டகைக்குள் வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. ஒலிபெருக்கி முடிவைப் படித்தது. மூன்று புள்ளி, திமோன்.

“தப்பாச் சொல்றாங்க மாமா. எனக்கு ரெண்டுதான். ரெண்டும் பக்கத்துல நட்சத்திரமும்.”

நம் ஆளுக்குப் பின்னால், எதிராளிக்கு முன்னால் வருகிறவனுக்குத்தான் அந்த நட்சத்திரம். துணை நின்றதற்கான மதிப்பு அது.

“நீதானடா முதல்ல வந்தே.”

“இல்ல மாமா. அண்ணன் முன்னாடி போனான். பார்க்கலையா?” சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவன் கண்கள் வாலென்டியின் முகத்தில் எதையோ தேடின. “என்கிட்ட நீங்க ஏதாவது சொல்லணுமா?”

வாலென்டியின் தோளில் டின் அதிர்ந்தது. பலகையில் புள்ளிகளைப் பார்த்தார். இரண்டு புள்ளி முன்னணி. இரண்டே ஓட்டம் பாக்கி.

“போட்டி முடியட்டும்டா. முடிஞ்சதும் பேசலாம்.”

“சரி மாமா,” என்றான் திமோன்.

அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் வாலென்டி அன்றைக்குக் கொஞ்சம் பிழைத்திருப்பார்.

பதினான்காவது ஓட்டம் சமமாக முடிந்தது. பதினைந்தாவதில் எதிரணி முதல் இரண்டு இடத்தையும் பிடிக்காமல் இருந்தாலே போதும், சமன் ஆனாலும் சங்கம் மேல் பிரிவில் பிழைத்துவிடும், ஊர்ப்பணம் வந்துவிடும். நான்கு வண்டிகளும் நாடாவுக்குப் போயின. திமோன் தன் கோட்டில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொட்டகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

நேரம் போகிறது என்று மணி அடித்தது. மேடைகள் ஊளையிட்டன. வாலென்டி பையோடு பாதையில் இறங்கி ஓடினார். வயசான உடம்பு, செம்மண்ணில் கால் புதைந்தது.

“என்னடா பண்றே? ஸ்டார்ட் பண்ணு! உன் கால்ல விழறேன், ஸ்டார்ட் பண்ணுடா!”

“சொல்லுங்க மாமா.”

“இன்னும் ஒரே ஓட்டம்...”

“சொல்லுங்க.”

மணி நிற்கவில்லை. வாலென்டி மேயர் இருக்கும் மேடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் அந்தப் பையனைப் பார்த்தார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்தது எல்லாம் உடைந்தது.

“காலையிலேயே போயிட்டான்டா. மல்வினா உன்கிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்லல. நான்தான் சொல்லல.”

“தெரியும்,” என்றான் திமோன். “அவனே சொன்னான், அந்த மூணாவது சுத்துல. உங்க வாயால வரட்டும்னுதான் உட்கார்ந்திருந்தேன். வரலைன்னா இந்த ஓட்டத்துல என்னையும் தன்கூட வேலியோரமா வரச் சொல்லியிருந்தான்.”

பக்கத்தில் இருந்த அஸ்கருக்கு மொழி பாதிதான் தெரியும். ஆனாலும் புரிந்தது. அவன் எஞ்சினை அணைத்தான். எதிரணியின் வெள்ளை ஹெல்மெட்காரன் ஒன்றும் கேட்காமல் அணைத்தான். பிறகு மஞ்சள். நான்கு எஞ்சினும் அடங்கிய பின் மேடைகளில் ஒரு விதை உடைகிற சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் ஐந்தாவது சத்தம் கேட்டது.

நாடாவுக்கு அப்பாலிருந்து கிளம்பி முதல் வளைவை நோக்கிப் போனது. பாதையில் எதுவும் இல்லை. மதிய வெயில் காலியான செம்மண்மேல் விழுந்து கிடந்தது. சத்தம் மட்டும் வேலியோரமாகப் போயிற்று. முதல் வளைவு மேடையில் இருந்தவர்கள் மீது ஈரமண் வந்து விழுந்தது. சட்டையில், அட்டையில், விதைப் பொட்டலத்தில். ஒருவரும் துடைக்கவில்லை. இரண்டாம் வளைவில், அந்த இடத்தில், சத்தம் ஒரு கணம் தணிந்து பிறகு ஏறியது. வாலென்டியைக் கடந்து போகையில் அவர் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் ஆனது.

திமோன் இறங்கிப் போய், கோட்டருகே வெளிறி நின்ற நடுவரின் கையிலிருந்து கட்டம் போட்ட கொடியை வாங்கிக்கொண்டான். நான்காவது சுற்று முடிந்து சத்தம் கோட்டை நெருங்கியபோது கொடியை அசைத்தான். அழுதுகொண்டே அசைத்தான்.

எஞ்சின் நின்றது.

மேடையில் யாரும் பென்சிலைத் தொடவில்லை. எழுந்து நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வாலென்டி டின்னைத் திறந்து, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியைத் திமோனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கிக் காதில் வைத்து, “சொல்லிட்டாரு அண்ணி,” என்றான்.

கொட்டகை வாசலில் ஹூபர்ட் வந்து நின்றார். துணியை எடுத்துவிட்டு அந்த வண்டியின்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“ஆறிடுச்சு,” என்றார்.