ஏழு நாற்பத்தொன்றுக்கு எடுத்த படம்

பறவை பார்ப்போர் சங்கத்தின் குறிப்புப்படி அந்தப் பறவை எங்கள் ஊரில் ஐந்து மணி இருபத்துநான்கு நிமிடம் இருந்தது. என் கணக்குப்படி மூன்றே முக்கால் மணி நேரம்தான். இரண்டு வாரமாக இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பறவையின் பெயர் வீட்டியர். கைக்குள் அடங்கிவிடும். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியது. எப்போதாவது ஒன்று வழி தவறி ஈரி ஏரிப் பக்கம் வந்துவிடும். எங்கள் மாவட்டத்துக்கு அதுவரை ஒன்றுகூட வந்ததில்லை. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, அலைதடுப்புச் சுவரின் கோடியில், ஒரு பாறைமேல் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்பது இருபது. அன்று ஏழேகாலுக்கே நான் அங்கே போயிருந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் என் கார் மட்டும்தான். சுவரில் என்னையும் நீர்க்காக்கைகளையும் தவிர யாருமில்லை.

ஒன்பது இருபத்தாறுக்குச் சங்கத்தின் செல்போன் குழுவில் செய்தி போட்டேன். சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அதுதான் அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் வரி. மதியத்துக்குள் நாற்பது பேர் கேமராவும் அதைத் தாங்கும் முக்காலியுமாக வந்து சேர்ந்தார்கள். ஒரு மணி ஐந்துக்குப் பறவை போய்விட்டது. அந்த நாற்பது பேரைப் பார்த்தால் நானும் போயிருப்பேன்.

மாவட்டத்தில் ஒரு பறவையை முதலில் பார்த்தவரின் பெயரை எங்கள் நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு மரப்பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதுவது வழக்கம். அதில் பதினோரு இடத்தில் வெண்டெல் க்ரூபர் என்று இருக்கிறது. வெண்டெல் பல் வரிசை திருத்தும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகையைப் பற்றித் தனக்கு ஒரு கவலையும் இல்லை என்று அடிக்கடி சொல்வார். கூட்டங்களில் அதற்கு நேர் எதிரே உள்ள நாற்காலியில்தான் உட்காருவார்.

பறவை போன இரண்டாம் நாள் அவர் சங்கச் செயலாளர் லோர்னாவுக்கு ஒரு படம் அனுப்பினார். லோர்னா கோப்பைத் திறந்து படம் எடுத்த நேரத்தைப் பார்த்தார். காலை ஏழு நாற்பத்தொன்று. உடனே 'முதலில் பார்த்தவர்: வெண்டெல் க்ரூபர்' என்று எழுதிவிட்டார். 'பிறகு பார்த்தவர்கள்: கொரின் மாஸ் மற்றும் பலர்.' கொரின் மாஸ் நான். மற்றும் பலரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

விடியற்காலையில் பார்த்தவர் ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்க ஓர் ஆள் இல்லை. எங்கள் வட்டாரத்தில் அரிய பறவையைப் பார்த்துவிட்டு மறைப்பது திருட்டைவிடக் கேவலம். ஆனால் அவருக்காகச் சங்கத்தாரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். சுவரின் கோடியில் சிக்னல் கிடைக்காது என்றார்கள். நான் செய்தி போட்டதே அந்தக் கோடியிலிருந்துதான். படத்தைப் பரிசீலிக்க மூன்று பேர் கொண்ட குழு கூடியது. இறகு இறகாக எண்ணினார்கள். வால் நுனியில் கறுப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், அவர் அனுப்பியது பறவையை மட்டும் ஒட்ட வெட்டிய படம்.

என்னிடமும் ஒரு படம் இருந்தது. செல்போனை பைனாகுலரில் வைத்து எடுத்தது. "கால் முளைச்ச மணல்" என்றார் குழுவில் ஒருவர். அதனால்தான் ஒரு பழைய கேமரா வாங்கினேன். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி மாலை, வெண்டெல் புதியவர்களுக்காக நடத்தும் கேமரா வகுப்புக்கும் போனேன். மறுநாள் காலையில் லோர்னா வீட்டியர் அறிக்கையை மாநிலப் பறவைக் குழுவுக்கு அனுப்புகிறார். அனுப்பிவிட்டால் பெயர் நிலைத்துவிடும். அதற்குமுன் லோர்னாவிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஒருத்தியின் வார்த்தை ஒரு பக்கம், பதினோரு பெயரும் ஒரு படமும் இன்னொரு பக்கம்.

நூலகத்தின் அடித்தளத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் சிடர் என்கிற ஆப்பிள் சாறும் டோனட்டும் இருந்தன. வெண்டெல் தன் கேமராவை ஒரு வயரால் புரொஜெக்டரோடு இணைத்திருந்தார். அதன் பின்பக்கத் திரை சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த லென்ஸின் விலைக்கு என் காரை இரண்டு முறை வாங்கலாம். லென்ஸ் அதைவிடச் சுத்தமாகவும் இருந்தது.

"மேல இருக்கிற சக்கரத்தைப் பாருங்க," என்றார். "அதுல பச்சைக் கட்டம் ஒண்ணு இருக்கு பாத்தீங்களா? அது குரங்குக்கு. குரங்கு அமுக்கினாலும் படம் விழும்."

"அப்ப எனக்குச் சரியாத்தான் இருக்கு, டாக்டர்," என்றார் ராஸ்கோ. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மனைவி வாங்கிக் கொடுத்த கேமராவைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். "அங்கேயே விட்டுடுங்க."

"காசு குடுத்து வாங்கிட்டு குரங்கு மாதிரி அமுக்குறதுக்கு நீங்க மரத்துலயே இருந்திருக்கலாம், ராஸ்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ராஸ்கோவும் சிரித்தார். டோனட்டில் ஒரு கடி கடித்தார்.

வெண்டெல் துளைக்கு வந்தார். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற வழி. "எஃப் எண் சின்னதுன்னா ஓட்டை பெருசு. எண் பெருசுன்னா ஓட்டை சின்னது. ஏன்னு கேக்காதீங்க, கேட்டாலும் உங்களுக்குப் புரியாது."

அது ஒரு பின்னத்தின் கீழ் எண். நாலில் ஒன்று எட்டில் ஒன்றைவிடப் பெரியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அவருக்கு விளங்காததால்தான் நமக்கும் விளங்காது என்கிறார் என்று தோன்றியது.

பிறகு ஷட்டர். பறவை பறந்தால் வேகம் கூட வேண்டும். இல்லையென்றால் படத்தில் பறவை இருக்காது, புகைதான் இருக்கும். பிறகு ஐஎஸ்ஓ. வெளிச்சம் குறையக் குறைய அதை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படத்தில் புள்ளி விழும். இவ்வளவுதான் விஷயம். மூன்று குழாய், ஒரு வாளி. ஒன்றை மூடினால் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் தான் எடுத்த கழுகுப் படங்கள் ஆறைக் காட்டினார்.

"இதை எழுதிக்கங்க," என்றார். "நல்லா ஏறின வெயில்ல, எஃப் எட்டு, ஆயிரத்து அறுநூறுல ஒரு பங்கு நொடி, ஐஎஸ்ஓ நானூறு. கண்ண மூடிட்டு வைக்கலாம். விடியக்காலைல இதே மாதிரி வச்சீங்கன்னா கரிதான் கிடைக்கும். அப்ப ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு வேணும், ஷட்டரையும் இறக்கணும். பொழுதைப் பாத்து வைக்கத் தெரியாதவன் கேமராவைத் தொடவே கூடாது."

எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

"மேனுவல்ல வச்சு எடுத்தா என்ன வரும்னு காட்டுறேன்," என்று சொல்லி ஒரு பொத்தானைத் தட்டினார்.

சுவரில் வீட்டியர் வந்தது. வெட்டாத படம். பாறை, அதன்மேல் பறவை, பின்னால் நீலமாக ஏரி. நல்ல படம். அதை மறுப்பதற்கில்லை. பறவையின் கண்ணில் வெளிச்சம் ஒரு பொட்டாக நின்றது. படத்தின் அடியில் எண்கள் வரிசையாக இருந்தன. எஃப் எட்டு. ஆயிரத்து அறுநூறில் ஒன்று. ஐஎஸ்ஓ நானூறு.

என் தாளைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். அதே மூன்று எண்கள்.

அன்று சூரியன் உதித்தது ஏழு முப்பத்துநான்குக்கு. ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம். உதித்த ஏழாவது நிமிடத்தில் இந்த எண்களை வைத்தால் கரிதான் கிடைக்கும். அவரே சொன்னார். பறவையின் நிழலும் பாறைமேல் விழுந்திருந்தது. பறவையின் உயரத்தைவிடச் சற்றே நீளம். ஏழு நாற்பத்தொன்றுக்கு அந்த நிழல் பாறையைத் தாண்டி ஏரிக்குள் போயிருக்கும்.

சுற்றிப் பார்த்தேன். லோர்னா சிடர் குடித்துக்கொண்டிருந்தார். பரிசீலனைக் குழுவில் இருந்த இருவர் முன்வரிசையிலேயே இருந்தார்கள். "என்னா தெளிவு," என்றார் ஒருவர். "மீசை முடி தெரியுது பாருங்க," என்றார் மற்றவர். கண் இருந்து என்ன பயன்.

படம் எடுத்தது ஏழு நாற்பத்தொன்றுக்கு இல்லை. கேமராவின் கடிகாரம் தவறு. எவ்வளவு தவறு என்று எனக்குத் தெரியாது. எழுந்து நின்று ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வராது. கடையில் சில்லறை தவறாகக் கொடுத்தால்கூடத் திருப்பிக் கேட்க மாட்டேன். அவர் படத்தை மாற்றக் கையை எடுத்தார். நான் கையைத் தூக்கினேன்.

"என்ன பாப்பா?"

"டாக்டர், கேமரால மணி எப்படி வைக்கிறது?"

"என்னது?"

"மணி. தேதியும் மணியும். என்னோடது பழசு. வைக்கத் தெரியல."

அவர் மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. ஊர்த் தண்ணியெல்லாம் இவதான் சோதிக்கிறா. மணி வைக்கத் தெரியலையாம். நாளைலேருந்து நான் சோடாதான் குடிக்கப் போறேன்."

சிரிப்பு எழுந்தது. என் காது சுட்டது.

"அது பாலர் வகுப்புப் பாடம்மா. பெட்டியைத் திறந்ததும் பேட்டரி, கார்டு, மணி. கேமராவே கேக்கும். சரி, கேட்டுட்ட. பாத்துக்கோ."

மெனுவைத் திறந்தார். ஸ்பேனர் படம் போட்ட பக்கத்துக்குப் போனார். தேதி, நேரம் என்ற வரியை அழுத்தினார். சுவரில் எண்கள் பெரிதாக வந்தன. தேதி சரி. நேரம் பிற்பகல் மூன்று இருபத்திரண்டு.

அந்த எண்களுக்கு மேலே மாட்டியிருந்த நூலகத்தின் கடிகாரம் ஏழு இருபத்திரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டர், உங்க ஊர்ல இப்பதான் ஸ்கூல் விடுதா?" என்றார் ராஸ்கோ. "நான் பஸ்ஸ எடுக்கணுமே."

வெண்டெல் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். "அட, அலாஸ்கா நேரம்," என்றார். "செப்டம்பர்ல கரடி எடுக்கப் போனேன்ல, அங்க மாத்துனது. பாத்தீங்களா, இதத்தான் சொல்ல வந்தேன். வெளியூர் போயிட்டு வந்தா முதல் வேலையா மணிய மாத்தணும். எழுதிக்கங்க."

மூன்று பேர் எழுதினார்கள். தன் தவறையும் பாடமாக்கிவிட்டார். அவர் கட்டைவிரல் மணி எண்ணின் மேல் போய் நின்றது.

"மாத்தாதீங்க," என்றேன்.

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. ராஸ்கோ மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏம்மா, நீதானே மாத்தச் சொன்ன?"

"லோர்னா பாக்கட்டும்."

"எதைப் பாக்கணும்?" என்றார் லோர்னா. பிறகு பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். விரல்விட்டு எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. உதடு அசைந்தது. கணக்கில் அவர் வேகமானவர் இல்லை. ஆனால் விடமாட்டார்.

"வீட்டியர் படம் இந்தக் கேமராலதான எடுத்தீங்க, வெண்டெல்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப அது பதினொண்ணு நாப்பத்தொண்ணு."

"கடிகாரம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். பறவை மாறிடாதுல்ல."

"கொஞ்சம் இல்ல, நாலு மணி நேரம்," என்றார் ராஸ்கோ. "அதுக்குள்ள நான் ரெண்டு தடவ ஊரச் சுத்திடுவேன்."

முன்வரிசைக்காரர்கள் இருவரும் தங்கள் காலணிகளைக் கவனமாகப் பார்த்தார்கள். அதிலும் இறகு ஏதாவது முளைத்திருந்ததோ என்னவோ.

"நாளைக்குக் காலைல மாநிலத்துக்கு அனுப்பணும்," என்றார் லோர்னா. "அன்னிக்கி நீங்க எத்தன மணிக்கு அங்க வந்தீங்க?"

"படத்துல இருந்தத எழுதினது நீங்க. நான் எந்த நேரமும் சொல்லல."

அது உண்மை. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தன் கேமராவைச் சொல்லவிட்டு, சிடர் குடித்துக்கொண்டு, பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சொல்லலைன்னுதான் கேக்கறேன். இப்ப சொல்லுங்க."

"ரெண்டு தடவ வந்திருக்கலாம்ல. விடியக்கால ஒரு தடவ, அப்புறமா ஒரு தடவ."

"வந்தீங்களா?"

புரொஜெக்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மூன்று இருபத்திரண்டு மூன்று இருபத்துமூன்றாயிற்று. நான் எழுந்து நின்றுகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அன்னிக்கி ஏழேகால்லேருந்து நான் அங்க இருந்தேன்," என்றேன். "ஒம்பதரை வரைக்கும் நிறுத்துற இடத்துல என் காரத் தவிர வேற கார் இல்ல. உங்களை நான் பாக்கல, டாக்டர்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. லென்ஸ் மூடியை எடுத்து லென்ஸில் பொருத்தினார். சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி பொருத்தினார்.

"வெண்டெல்," என்றார் லோர்னா.

"வீட்ல காப்பி குடிச்சிட்டிருந்தேன்," என்றார் அவர். "இந்தப் பொண்ணு குழுவுல போட்டதைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."